பக்கத்து வீட்டில் கட்டட வேலை

கணினி அறிவியல் ஹானர்ஸ் வகுப்பில் சேர எனக்கு ஆன்லைனில் நேர்காணல். போடியில் எங்கள் வீட்டில் நெட் சரியாகக் கிடைக்காது. அதனால் அம்மா வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையின் மூலையில் போனோடு உட்கார்ந்தேன்.

“பின்னாடி என்னம்மா சத்தம்?” என்றார் பேராசிரியை.

“பக்கத்து வீட்டுல கட்டட வேலை மேடம்.”

அம்மா காதில் விழுந்துவிட்டது. ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்த சல்லடையை மெல்லக் கீழே வைத்தாள்.

“எண்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாம வரிசைப்படுத்த முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. யோசித்தபடி தலையைத் திருப்பினேன். அம்மா முன்னால் பெரிய கண் சல்லடை, அடுத்து சின்னக் கண் சல்லடை, அளவு வாரியாகக் குவியல்கள். எந்தக் காயையும் இன்னொரு காயோடு அவள் வைத்துப் பார்த்ததே இல்லை!

போனை அவள் பக்கம் திருப்பினேன். “பொய் சொல்லிட்டேன் மேடம். அது எங்கம்மா ஏலக்காய் சலிக்கிற சத்தம். உங்க கேள்விக்குப் பதிலும் அதுதான்” என்று விளக்கினேன்.

“அம்மாவைச் சலிக்கச் சொல்லும்மா, பாக்கணும்” என்றார் அவர்.

அம்மா வெட்கத்தோடு சல்லடையை எடுத்தாள். “மேடம் பாக்காக, நல்லாச் சலி!” என்று கூட வேலை செய்யும் பெண்கள் கத்தினார்கள். “ஆத்தா, எங்களுக்கும் அங்கன ஒரு சீட்டு கேளு!” என்றாள் ஒருத்தி. பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார்.

இடம் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் கேட்டிருந்தார்கள். பள்ளிக் காலம் முழுக்க ‘இல்லத்தரசி’ என்றே எழுதி வந்தவள் நான். அன்று ‘ஏலக்காய் தரம் பிரிப்பவர்’ என்று எழுதினேன். கட்டம் போதவில்லை. கட்டத்துக்கு வெளியேயும் எழுதினேன்.