பால்மா டின்னில் வளர்ந்த கள்ளி

அக்கா வீட்டுச் சன்னலில் கள்ளிக்கொடி தொங்கியது. என் சின்ன வயதில், டயகமத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் காம்பராவிலும் ஒன்று, பால்மா டின்னில் தொங்கியது.

மலையிலிருந்து திரும்பும் அம்மா, கூடையை இறக்குமுன் அதனிடம்தான் போவாள். பகல் முழுக்கக் கொழுந்து கிள்ளிய விரல்கள் அதன் நுனிகளைக் கிள்ளாமல் தடவும். என் தலையை அப்படித் தடவியதேயில்லை.

"அதுக்குத் தண்ணி ஊத்தாத. கூடிப்போனா அழுகிரும்" என்றாள் ஒருநாள்.

மறுநாளிலிருந்து ஒளித்து ஒளித்துத் தினமும் ஒரு செம்பு ஊற்றினேன். சில வாரங்களில் கொடி அழுகி நாறியது. "நாந்தான் சரியாப் பாக்கல" என்று அம்மா அழுதாள். நான் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"இது அந்தக் கொடிதான் புள்ள" என்றாள் அக்கா இப்போது, தன் சன்னலைக் காட்டி. "அழுகாம இருந்த துண்ட அம்மா எங்கிட்ட குடுத்தாங்க."

இப்போது அக்காவோடு இருக்கும் அம்மா உள்ளேயிருந்து வந்தாள்; என்னைப் பார்க்குமுன் கொடியைத் தடவினாள். என் கண் தண்ணீர்ச் செம்பைத் தேடியது.