எறும்பேறிய சுவரும் பாக்கியம் அண்ணியும்

செய்தி வந்தபோது நான் ஏணிமேல் நின்று, புக்கிட் காதில் பகுதியில் ஒரு வீட்டுச் சன்னலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். மலாக்காவில் என்னைப்போல் சாயம் அடிக்க ஆள் கிடையாது. "பாக்கியம் பெரியம்மா போயிட்டாங்கப்பா" என்று கீழிருந்து மகள் சொன்னாள். நான் போய்ச் சேர்வதற்குள் காஜா பெராங்கில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டில் ஆயிரம் பேராவது கூடியிருந்தார்கள்.

அண்ணி மலாக்கா செட்டி, அதாவது பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிய தமிழ் வணிகர் வழிக் குடும்பத்தவர். மலாய்தான் அவர்கள் வீட்டுப் பேச்சு. என் அண்ணனைக் கட்டிய பிறகே தமிழ் பழகினார். வந்த புதிதிலேயே எங்கள் பழைய பலகை வீட்டை உருமாற்றினார். கிழிந்த சாரோங் கைலி திரைச்சீலையானது. பிஸ்கட் டின் பூந்தொட்டியானது. துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து முன்கூடத்துக்கு வானத்தின் நிறம் கொடுத்தார். "காசு இல்லாத வீடு அழுக்கா இருக்கணும்னு யாரு சொன்னா தம்பி?" என்பார். கவர்னர் மாளிகைகூட அவ்வளவு அழகில்லை. நானே பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்து.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து போன ஒருவரும் திரும்பவில்லை. என் வலது கால் சற்றுக் குட்டை. இல்லையேல் முதலில் என்னைத்தான் பிடித்திருப்பார்கள். பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது.

"உள்ளறைக் கடைசியில இன்னொரு சுவர் வச்சிடலாம்" என்றார் அண்ணி.

பெட்டிப் பலகை, அதன்மேல் கோணிச் சாக்கு, பழைய செய்தித்தாள், சுண்ணாம்பு. பசைக்கு, நாங்கள் சாப்பிட வைத்திருந்த கிழங்கு மாவு. இரு சுவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். உள்ளே நுழைய ஓரத்தில் ஒரு பலகை மட்டும் திறக்கும். "ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தா கண்ணு அங்கதான் போகும். வீடு முழுக்க அடிச்சிடு தம்பி." இரண்டே நாளில் அடித்து முடித்தேன்.

அந்தக் காலக் கோயில் சுவர்களில் சுண்ணாம்போடு கருப்பட்டி சேர்ப்பார்கள், இடி விழுந்தாலும் அசையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். எனவே யாரிடமும் சொல்லாமல், பத்திரப்படுத்தியிருந்த குலா மலாக்கா வெல்லக் கட்டி ஒன்றைப் பசையில் கரைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, தெருமுனையில் லாரி நின்றது. அண்ணன் உள்ளே நுழைந்தார். அண்ணி பலகையைச் சாத்தினார். அப்போதுதான் கண்டோம்: செவ்வெறும்புகள் சாரையாகச் சுவரேறி, பலகைச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தன. வழி இதுதான் என்று கோடு போட்டுக் காட்டியதுபோல.

"அடோய் தம்பி, இதுல என்னத்தப் போட்ட?"

"கொஞ்சம் சக்கரை, அண்ணி."

"சுவருக்கு விருந்து வச்சியா?"

வாசலில் பூட்ஸ் சத்தம். அண்ணி ஒரு வாழையிலையைச் சுவரடியில் விரித்தார். எங்கள் பகல் சாப்பாடான அவித்த கிழங்கை அதில் வைத்து விளக்கேற்றினார். செட்டி வீடுகளில் மூதாதையருக்கு அப்படித்தான் படைப்பார்கள். படைத்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும்; போனவர்கள் வந்து நிதானமாகச் சாப்பிடுவார்கள். நாங்களும் சாத்திவிட்டு வந்தோம்.

அதிகாரி ஏழடி உயரம். உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்தார். கூட வந்த துபாஷி, "வீட்டுக்கு எதுக்குப் புதுச் சுண்ணாம்பு?" என்று அதட்டினான்.

"இன்னிக்கு எங்க செத்தவங்க வர்ற நாள் துவான். அழுக்கு வீட்டுக்கு வருவாங்களா?" என்றார் அண்ணி.

"இவ்வளவு எறும்பு?"

"படையல் வச்ச இடத்துக்கு வேற என்ன வரும், யானையா?"

அதிகாரி எறும்பு போன வழியைப் பார்த்தபடி, சுவரைத் தட்டிப் பார்க்கக் கத்தி உறையை நீட்டினார். இலையை மிதிக்காமல் சுவர் எட்டாது. உள்ளே அண்ணனை எறும்புகள் பிய்த்துக்கொண்டிருக்கும். ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. அதிகாரி இலையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, இலைக்குத் தலைகுனிந்து, கதவை அவரே சாத்திக்கொண்டு போனார். அவர்கள் நாட்டிலும் செத்தவர்களுக்குப் படைப்பார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அண்ணன் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். கல்யாண வீடுகளிலும் காப்பிக்கடைகளிலும், இலை போடச் சொன்னது நானே என்று இத்தனை காலமும் சொல்லி வந்தேன். அருகில் அண்ணி இருந்தால், "ஆமா, தம்பிதான்" என்பார். சர்க்கரை விஷயத்தை அண்ணனிடம்கூட அவர் சொல்லவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்: சர்க்கரை போட்டவன் நான். இலை போட்டவர் அண்ணி.

அந்தச் சுவரை இடிக்க அவர் கடைசிவரை விடவில்லை. பதினாறாம் நாளான இன்று, அதனடியில் அவருக்கு இலை போட்டோம். அவித்த கிழங்கும், ஒரு கட்டி குலா மலாக்காவும் என் கையால் வைத்தேன். எறும்புகள் வரத் தொடங்கிவிட்டன.

சாப்பிட வாருங்கள், அண்ணி. கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நிற்கிறோம்.