கடைசி வரிசையில் ஹெலன்

லீட்ஸ் நகரப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு நடத்தும்போது, வாரத்துக்கு ஒருமுறை ஹெலன் என்ற அம்மையார் வந்து பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர். இங்கே அவரைக் 'கோச்' என்கிறார்கள். கிரிக்கெட்டுக்குத்தான் கோச் உண்டு என்று நம்பி வளர்ந்தவள் நான்.

நம் ஆரணியில் வகுப்புக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஆய்வு. நான் வேலை பார்த்த பள்ளியில் முந்தின நாளே சுவரெல்லாம் புதுச் சார்ட் ஏறிவிடும். வாலுப் பிள்ளைகள் மைதானத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அதே புத்தியில், ஹெலன் முதன்முறை வந்த அன்று, வகுப்பைக் கலக்கும் ஜாக்கை நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். புது வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. வேறென்ன செய்ய?

பாடம் தேர்போல நகர்ந்தது. முடிந்ததும் ஹெலன், "ஜாக் எங்கே? அவனுக்குப் புரிகிறதா என்று பார்க்கத்தானே வந்தேன்?" என்றார்.

"நூலகத்தில். படிப்பில் அவ்வளவு ஆர்வம்" என்றேன். சிரித்துவிட்டார். எனக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். "மதிப்பெண்ணா? அடுத்த வாரமும் வருவேன், அவ்வளவுதான்." அதை மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் சொன்னது ஒரே விஷயம்: கேள்வி கேட்டபின் பேசாமல் காத்திரு. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்த, ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்க்காரியிடம் இதைக் கேட்பது அநியாயம். கேள்வியையும் பதிலையும் நானே ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். ஹெலன் விடவில்லை. தானே பாடம் எடுத்துக் காட்டினார். நான் எடுக்கையில் கண்ணாலேயே என்னை அடக்கினார். வாரங்கள் ஓடின. ஒருநாள் உண்மையாகவே காத்திருந்தேன். எனக்கு வேர்த்தது. ஜாக் மெல்லக் கை தூக்கினான்.

"மிஸ், எட்டு நாலைவிடப் பெரிசு. அப்புறம் எப்படி எட்டில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கைவிடச் சின்னதாகும்?"

இத்தனை நாள் அவன் செய்த ரகளையெல்லாம் இது புரியாமல்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆரணியில் இன்னும் பாடம் நடத்தும் என் தோழி ஸ்டெல்லாவிடம் போனில் பெருமையடித்தேன்.

"இன்னாடி, கேள்வி கேட்டுட்டு சும்மா நின்னுகினு இருக்கறதுக்கா லண்டன் போன? சரி, நீயே எனக்குக் கோச்சா வா. ஆனா ஒருநாள் எட்டிப் பாத்துட்டு ஓடிடக் கூடாது."

வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பில்லை. ஆரணிப் பள்ளித் தலைமையாசிரியையின் அனுமதியோடு, வாராவாரம் ஸ்டெல்லாவின் மதிய வகுப்பில் உட்காருகிறேன். கடைசி பெஞ்சில், தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்த போனாக. இங்கே அப்போது காலை. நான் சமையலறையில் இருப்பேன்.

போன வாரம் ஸ்டெல்லா ஒரு கேள்வி கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வீராங்கனைபோல நின்றாள். பெஞ்சிலிருந்த சிறுமி போன்மேல் குனிந்து, "டீச்சர், ஆன்சர் இன்னா? ஜல்தி சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

சிக்னல் போய்விட்டதுபோல, வாயைப் பாதி திறந்தபடி நான் உறைந்து நின்றேன். லீட்ஸில் என் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கத் திரும்பினால் ஆரணியில் மாட்டிக்கொள்வேன்.