ரசியா பேகத்தின் வலது தோள்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சன் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களில் ரசியா பேகத்தின் நோன்புக் கஞ்சியைக் குடிக்காதவர் கிடையாது. சென்னை மண்ணடிப் பெண். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். இருநூறு பேருக்கான அண்டாவைத் தனி ஆளாகக் கிண்டுவாள். அந்தக் கையைத்தான் பாழாக்கினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஃப்ரீவேயில் ஒரு டிரக் அவள் காரைப் பின்னாலிருந்து இடித்தது. வலது தோளில் அடி. "நம்ம டாக்டர் இருக்காரே, வேற எங்க போகணும்?" என்றார்கள் எல்லோரும். டாக்டர் நூர் முகம்மது சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர். பள்ளிவாசலில் முதல் வரிசை, கல்யாண வீட்டில் முதல் நாற்காலி.

ரசியா இன்சூரன்ஸ் கார்டை எடுத்து நீட்டினாள். அவள் கணவன் ஜக்கரியாவின் டெலிகாம் கம்பெனி கொடுத்த அருமையான இன்சூரன்ஸ் அது.

"அதை உள்ள வைம்மா. நீ ஒரு டாலர்கூட குடுக்க வேணாம். ஆக்சிடென்ட் கேஸ்ல செட்டில்மென்ட் வரும்ல, அதுல பாத்துக்கலாம். பிஸ்மில்லாஹ் சொல்லி இங்க சைன் பண்ணு."

ரசியா படிக்க ஆரம்பித்தாள். ஜக்கரியா முழங்கையால் இடித்தான். "அங்கிள் முன்னாடியே உக்காந்து படிக்கிறியே, என்ன நினைப்பாரு?"

கையெழுத்துப் போட்டாள். நம் ஜனங்களின் லட்சணம் இதுதான். வெள்ளைக்காரன் நீட்டினால் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்போம். நம்ம ஆள் நீட்டினால் படிப்பது மரியாதைக் குறைவு. மண்ணாங்கட்டி மரியாதை!

அந்தக் காகிதத்துக்கு லியன் என்று பெயர். வழக்கில் நஷ்ட ஈடு வந்தால், நோயாளி தொடுவதற்கு முன் கிளினிக் தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸுக்கு பில் அனுப்பியிருந்தால் அவர்கள் பேசி வைத்த குறைந்த தொகைதான் கிடைத்திருக்கும். லியன் என்றால் முழு விலை. கார்டை ஏன் உள்ளே வைக்கச் சொன்னார் என்று இப்போது புரிகிறதா?

அப்புறம் தெரபி, ஊசி, ஸ்கேன், மறுபடியும் தெரபி. ஆபரேஷன் வேண்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம், "அவசரப்படாதம்மா, தெரபிலயே சரியாயிடும்" என்றார். இதற்குள் டெலிகாம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஜக்கரியாவின் வேலை போனது. கூடவே இன்சூரன்ஸும் போனது. வேறொரு சர்ஜன் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் கை இனி மேலே எழும்பாது என்றார். செட்டில்மென்ட் பணத்தைத்தான் இருவரும் மலை போல நம்பியிருந்தார்கள்.

மறு வருஷம் அது வந்தது. வக்கீல் பங்கு போய், கிளினிக் பங்கும் போய், அவள் கைக்கு வந்தது ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது. டாக்டர் மனசு வைத்தால் தன் தொகையைக் குறைக்கலாம் என்று வக்கீலே சொன்னார். ஜக்கரியா போன் செய்து கெஞ்சினான்.

"பழக்கம் வேற, பிசினஸ் வேற தம்பி" என்றார் அந்தப் புண்ணியவான்.

ரமலான் வந்தது. பள்ளிவாசல் ஹாலில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறக்கும் இஃப்தார் அன்று ரசியா அண்டா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, வேறு பெண்கள் கிண்டினார்கள். டாக்டர் நேராக அவளிடம் வந்தார். நாலு பேர் பார்க்கும்படி ஒரு கவரை நீட்டினார்.

"என் ஜகாத்தும்மா. உன் ஆபரேஷனுக்கு வெச்சுக்கோ."

ஜகாத் என்றால் வசதியுள்ளவர் வருஷா வருஷம் ஏழைக்குக் கொடுத்தே தீர வேண்டிய தர்மம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மகானுபாவர் தேங்காய்க்காரிக்கே அல்லவா பிச்சை போட வந்துவிட்டார்!

ரசியா இடது கையை நீட்டினாள்.

"வலது கையால வாங்கும்மா" என்று சிரித்தார்.

"வலது கை எழும்பினா உங்க காசு எனக்கு எதுக்கு அங்கிள்?" அவள் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "இன்சூரன்ஸ் இருந்தப்போ கார்டை உள்ள வைக்கச் சொன்னீங்க. ஆபரேஷனுக்கு வந்த பணத்தை மொத்தமா வழிச்சுட்டு, அதுல ஒரு துண்டை எனக்கே ஜகாத்னு குடுக்க வெக்கமா இல்ல?"

"ரசியா..." என்றான் ஜக்கரியா.

"நீங்க சும்மா இருங்க. அன்னிக்கு இடிச்சது போதும்."

கவரை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது என் பணம், வாங்கிக்கிட்டேன். உங்க ஜகாத் கடமை அப்படியே நிக்குது. அதை வேற யாருக்காவது குடுங்க. என் பாக்கி எப்போ வரும் அங்கிள்?"

நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சாப்பிடவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அத்தனை பேரும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.