கோமு மண் தின்ற நாட்கள்

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் கோமு உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படி மூச்சு வாங்கியது. முகம் ஊதியிருந்தது. அவள் அப்பா நானும் அம்மா பூரணமும் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"மண்ணு திங்காளா?"

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

சோகை (இரத்தம் குறைந்துபோவது) என்றார். குடலில் கொக்கிப்புழு (கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும் புழு) இருந்தது. வெறுங்காலோடு நடக்கையில் பாதத்தின் வழியே ஏறிவிடுமாம். புழு மருந்தும் இரும்புச்சத்து மிக்சரும் (குடிக்கும் மருந்து) கொடுத்தார். இன்னும் இரத்தம் இறங்கினால் பிள்ளை தாங்காது என்றார்.

பயந்துபோய், அவளைத் தெருவில் இறக்குவதையே நிறுத்தினோம். நான் நெசவுக்காரன். வீட்டுக்குள் குழித்தறி (தரையில் தோண்டிய குழிக்குள் கால்விட்டு மிதித்து நெய்யும் தறி) பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். கம்பங்கஞ்சி ஊட்டினால் துப்புவாள். பூரணம் கெஞ்சுவாள், அடிப்பாள், பிறகு அவளே அழுவாள். எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒருவரோடொருவர் பேசுவதும் குறைந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரும் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, துளி வாயிலும் போட்டுக்கொண்டார்கள். கோமு நாக்கை நீட்டினாள். பூரணம் அவள் வாயைப் பொத்தினாள்.

"யம்மா, இது சாமி மண்ணுல்லா?"

"இருக்கட்டும். சாமி கோவிச்சா என்கிட்ட கோவிக்கட்டும்."

மிக்சர் தீர்ந்தும் வெளுப்பு மாறவில்லை. ஒரு நாள் மிதிபலகையின் அறுந்த கயிற்றைக் கட்டத் தறிக்குழிக்குள் குனிந்தேன். குழியின் மண் விளிம்பில், அவள் உட்காரும் பக்கம், சின்ன விரல்கள் தோண்டிய தடம் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அண்ணாச்சி, இது சேட்டையில்ல, சீக்கு. மருந்து நான் குடுத்திருவேன். ஓடியாடாத பிள்ளைக்குப் பசி எங்கன இருந்து வரும்? செருப்பு வாங்கிப் போடுங்க. கூட நின்னு விளையாட விடுங்க."

மறுபடி புழு மருந்து. மறுபடி மிக்சர். காலையில் தெருவில் பாவு (தறிக்கான நீள நூல்) நீட்டப் போகும்போது செருப்பு மாட்டி அவளையும் கூட்டிப்போனேன். முதலில் சுவரோடு நின்றாள். பிறகு கொஞ்சம் நடந்தாள். வாரங்கள் கழித்து, மற்றப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு பாவுக்கு அடியில் புகுந்து ஓடினாள். அன்று மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் வந்தாள்.

"யம்மா, பசிக்கி."

பூரணம் கையில் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"என்னட்டி சொன்ன?"

"பசிக்கிங்கேன்லா. கஞ்சி தா."

மண் தின்னும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் அடிக்காதீர்கள். வைத்தியம் பாருங்கள், வெயிலில் விளையாட விடுங்கள். உடனே சரியாகாது. வெளுத்த நாக்கு சிவக்க மாதங்கள் ஆகும். அதுவரை நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோமு இப்போது வீட்டில் தங்குவதே இல்லை. நான்தான் அந்த நாட்களை விட்டு வெளியே வரவில்லை. தறியில் இறங்கியதும் என் கை தானாகக் குழியின் விளிம்பைத் தடவும். பூசி மெழுகிய இடம் புதுத் தடம் இல்லாமல் வழவழவென்றுதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் என் கால் மிதிபலகையைத் தொடும்.