ஒழுகாத குழாய்

2024ஆம் வருடம் மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. மேற்கே மலை மேல் மேகம் குவிந்து நின்றது. காற்று இல்லை. பனியன் அப்போதே முதுகோடு ஒட்டத் தொடங்கிவிட்டது. மகன் எங்கள் ராஜபாளையம் வீட்டில் விட்டுப்போயிருக்கும் காரின் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டை நானே மாற்றுவது என்று ஒரு வாரமாக முடிவு செய்து வைத்திருந்தேன். வொர்க்‌ஷாப்பில் இந்த வேலைக்கு அவர்கள் கேட்ட தொகையை நினைத்தாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

மனைவி வாசலில் நின்றுகொண்டு, "எழுவது வயசுக்கு ரெண்டு கொறச்சல். இப்பப் போயி காருக்கு அடியில படுக்கணுமாக்கும்?" என்றாள்.

"ரெண்டு இல்ல. ஒண்ணே முக்கால்" என்றேன்.

"அந்தக் கால் வருசத்தையும் விட்டுறாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

இஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளி, கீழே இருக்கும் திருகைக் கழற்றினேன். பச்சை நிறத்தில் கூலன்ட் தண்ணீர் கொட்டியது. எதிர்வீட்டு வெள்ளை நாய் உடனே மோப்பம் பிடித்து வந்து நின்றது. இந்தத் தண்ணீர் இனிப்பாக இருக்குமாம். நாய் நக்கினால் பிழைக்காது. அதை விரட்டி, தொட்டியிலிருந்ததைக் கேனில் ஊற்றி மூடி, கேனை மாடிப்படிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வர இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு திருகை மூடி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி இஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, இறக்கினேன். மூன்றாவது தடவை தெளிந்த தண்ணீர் வந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. திருகை இறுக்கி, புதுக் கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் ஒன்றுக்கு ஒன்று கலந்து ஊற்றினேன். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. அப்போது எனக்குப் பத்து வயது.

அந்தக் கார் பெரியப்பாவுடையது. பழைய கறுப்புக் கார். அவர் பஞ்சுக் கமிஷன் வியாபாரம் செய்தார். அப்பா மில்லில் குமாஸ்தா. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தது. காரை வாங்கியவர் பெரியப்பா, ஓட்டியதும் கழுவியதும் ரிப்பேர் பார்த்ததும் அப்பா. அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. "தம்பி இருக்கும்போது டிரைவர் எதுக்கு?" என்று பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

கூலன்ட் என்ற பேச்சே அன்று இல்லை, வெறும் தண்ணீர்தான். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டரின் உள்ளே சுண்ணாம்புக் காரை படிந்து அடைத்துவிடும். அதனால் அப்பா அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து சைக்கிளில் தகர டின் கட்டித் தண்ணீர் கொண்டுவருவார். முக்கியமான பயணத்துக்கு முன்னால் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு மலைத் தண்ணீர் நிரப்புவது அவர் வழக்கம். குடிக்கக்கூட எங்களுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்காது.

அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை முக்கியமான பயணம் ஒன்று இருந்தது. அத்தைக்குப் பூ வைக்கப் போகிறோம். அத்தை அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவள். அப்போது இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஞ்சுக் கிட்டங்கி வைத்திருந்தவர். நாற்பது வயதுக்கு மேல். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள். பெரியப்பாவின் வியாபாரம் முக்கால்வாசி அவர் தயவில் நடந்தது. இரண்டாம் கல்யாணம் என்பதால் ஆரவாரம் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்து, அங்கேயே பூ வைத்துவிடுவது என்று பேசியிருந்தார்கள். நாலு மணிக்கு நடை திறக்கும். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். இடையில் இருந்த அரை மணிதான் நல்ல நேரம்.

காலையில் அப்பா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். துருத் தண்ணீர் செம்மண் கரைசல்போல வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை காப்பி கொண்டுவந்தாள். டம்ளரோடு அங்கேயே நின்றாள்.

"சின்னண்ணே, எனக்கு வேண்டாம்ணே. பெரியண்ணன்கிட்ட நீ சொல்லேன்."

அப்பாவின் குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. "நான் சொல்லி அவிய என்னைக்குக் கேட்டுருக்காவ?"

"அப்பம் நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?"

அவள் டம்ளரை மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் போனாள். காப்பி ஆறி ஆடை கட்டியது. நான் அப்போது டின்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டரின் அடிக்குழாயை மூடியபின் அப்பா என்னை அழைத்தார். குழாய்க்கு நேர் கீழே செய்தித்தாளை விரித்தார். "இங்கனயே இரி. ஒரு சொட்டு விழுந்தாலும் சொல்லணும்லே" என்றார். நான் குப்புறப் படுத்து, இரண்டாயிரம் எண்ணி முடிக்கும்வரை பார்த்தேன். தாள் காய்ந்தே கிடந்தது.

"ஒரு சொட்டும் இல்லப்பா."

அவர் குழாயில் விரல் வைத்துப் பார்த்து, ஈரமில்லாத விரலை எனக்குக் காட்டினார். "ஒன் கண்ணு கண்ணுதாம்லே" என்றார். அப்பா என்னைப் பாராட்டியதாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மணிக்குப் பிறகு புறப்பட்டோம். முன்னால் பெரியப்பா. பின்னால் அம்மா, பெரியம்மா, நடுவில் பட்டுச்சேலையில் அத்தை, அவள் மடியில் பாதியாக நான். எல்லோரும் ஏறியபின் அப்பா காரின் முன்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். சலவை வேட்டி மண்ணில் புரண்டது.

"வெள்ளை வேட்டியோட அங்க என்ன செய்யுதீக?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

"தூசி" என்று சொல்லி எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

கத்திரி வெயில். மம்சாபுரம் பிரியும் விலக்கு வரும்போது பானட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அப்பா ஓரம்கட்டி நிறுத்தினார்.

"என்னலே ஆச்சு?" என்றார் பெரியப்பா.

அப்பா கீழே குனிந்து கையை உள்ளே விட்டார். எழுந்து, "தண்ணி பூரா போயிருச்சுண்ணே. அடிக்கொழா லூசா கெடக்கு. நான்தான் இறுக்காம விட்டுட்டேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல பெரியப்பா, காலையில ஒழுகலையே. நான் ரெண்டாயிரம் எண்ணுற வரைக்கும் பாத்தேன். அப்பாவும் தொட்டுப் பாத்தாங்க" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார்.

நான் மேலே பேசுவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நீ பாத்த லட்சணம். பேப்பர விரிச்சிப் போட்டுட்டு வெளையாடப் போயிருப்ப. பெரியவுககிட்டப் பொய் பேசுதியா?"

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஆறு பேர் அதைக் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியப்பாவின் கோபம் காரின் மேல் திரும்பியது. "மணி மூணே முக்கால். தண்ணிய ஊத்தி எடு வண்டிய."

"ஆறட்டும்ணே. கொதிக்கிற இஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனா ஹெட்டு வெடிச்சிரும்."

"வெடிச்சா நீ பாத்துக்கோ. கொழாய மூடத் தெரியல, இவன் எனக்குச் சொல்லுதான்."

"பஸ்லயாவது போயிருவமா?" என்றாள் பெரியம்மா.

"பூ வைக்கப் போற பிள்ள பஸ்ல போயி எறங்கவா? கெட்டிக்காரிதான்" என்றார் பெரியப்பா.

பக்கத்துப் பருத்திக்காட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் வந்தது. அப்பா துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தார். கொதிநீர் ஆள் உயரம் பீறியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோன தழும்பு அவர் சாகிறவரை இருந்தது. அந்தக் கையாலேயே குடத்தைத் தூக்கி ஊற்றினார். உள்ளே, இஞ்சினின் தலையில், சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு எவ்வளவு முயன்றும் கார் கிளம்பவில்லை.

நான் சாலையோரப் பாலத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அத்தை இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள்.

"அழாத. நீ சரியாத்தாம்லே பாத்திருப்ப. ஒனக்கு எண்ணிக்கை தப்பாது."

"ஒரு சொட்டுகூட விழல அத்தை. சத்தியமா."

"கெளம்பும்போதுதான் சின்னண்ணன் திரும்பக் குனிஞ்சு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். என் கன்னத்தில் இருந்த அவள் கையும் நின்றுவிட்டது. காரின் முன்னால் கையை உதறிக்கொண்டு நிற்கும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்துபோய் அம்மாவிடம் நின்றுகொண்டேன்.

ராகு காலம் பிறந்தது. பெண்கள் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். காரை ஒரு லாரியில் கட்டி இழுத்துவந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் முதல் பயணமே இப்படி நின்றுபோனால், அந்தச் சம்பந்தத்தை இரண்டு வீட்டாரும் மெல்லக் கைவிட்டுவிடுவார்கள். எத்தனையோ கல்யாணங்கள் இதைவிடச் சின்னத் தடங்கலில் முறிந்திருக்கின்றன. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அப்பா கையில் கட்டோடு நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.

அந்த அம்மாள் காப்பியை முழுதாகக் குடித்துவிட்டுப் பேசினாள். "எங்க தம்பிக்கு மொதக் கல்யாணம் நேரம், சகுனம் எல்லாம் பாத்துத்தான் செஞ்சோம். என்னத்தக் கண்டோம்? அவ போயிட்டா. அதனால இனிமே நாங்க ஒண்ணும் பாக்கிறதா இல்ல. ஒங்களுக்குத் தோதான நாளாச் சொல்லுங்க."

அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை, பூ வைக்கப் போவதற்குப் பெரியப்பா ஒரு வாடகைக் காரை டிரைவரோடு அமர்த்தினார். அப்பாவைக் கூப்பிடவில்லை. அத்தை ஏறுவதற்கு முன்னால் கொல்லைக்கு வந்து, "வாரேன் சின்னண்ணே" என்றாள். அப்பா "ம்" என்றார். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. அத்தை அந்த இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். அவளுக்கென்று குழந்தை இல்லை. டைப்ரைட்டிங் பரீட்சை எழுதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் எங்கள் வீட்டில் அவள் தங்கிய இரவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் "கொழா மூடாதவன்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. விசேஷ வீடுகளில் பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். அதைவிட ஆறாமல் இருந்தது, ஆறு பேர் முன்னால் அவர் என்னைப் பொய்யன் ஆக்கியது. அதன்பிறகு நான் அவருக்குக் காரில் ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. பெரியவனான பின்பும் என் பேச்சில் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை குறைந்தே இருந்தது. அவர் ஏன் என்று கேட்டதில்லை.

இந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து காய்ந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் வழக்கம்போல அந்தப் பழைய வழக்கையே வாதாடியது. நான் சரியாகத்தான் பார்த்தேன், குழாய் ஒழுகவில்லை. காலையில் ஒழுகாத குழாய், மதியம் வரை யாரும் தொடாத குழாய், தானாகத் திறந்துகொள்ளாது. அப்படியானால் தொட்டிருக்க வேண்டும். தொட்டது யார் என்றும் நான் பார்த்திருக்கிறேன். சலவை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்த ஆளை நான் அத்தை மடியிலிருந்தே பார்த்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை பாலத்துக் கல்லில் ஒரு நிமிடத்தில் கூட்டிப்பார்த்ததை ஐம்பத்தெட்டு வருடமாக நான் கூட்டவே இல்லை. இன்னொரு வார்த்தை நான் பேசியிருந்தால் பெரியப்பாவுக்கும் விளங்கியிருக்கும். அதற்குத்தான் அப்பா என் வாயை அடைத்தார்.

அப்பா போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. அத்தை போய்ப் பன்னிரண்டு. கேட்டு உறுதி செய்துகொள்ள ஆள் இல்லை.

காரின் ஹெட்டு வெடித்தது தம்பியின் கவனக்குறைவு, செலவை அவனே ஏற்கட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மெக்கானிக்கிடம் மாதாமாதம் பணம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. புது ஹெட்டு, கேஸ்கட், லாரி வாடகை, கூலி எல்லாம் சேர்த்து மூன்று தவணை. அத்தைக்கு அதில் கிடைத்தது பதினோரு நாள். அப்பாவுக்கு ஆனது முந்நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.