விஜயகலா கேட்டு வாங்கிய கட்டை

விஜயகலாவின் வாய்க்கு அந்த லயத்து வரிசை வீடுகளே பயப்படும். ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாகப் பால் வெட்டுகிறவள். விடியும்போதே மலைக்குப் போனால், பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். வந்த கையோடு விளக்குமாற்றை எடுப்பாள். சுத்தத்தில் அப்படி ஒரு பைத்தியம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தோட்டத்து வீடு, தோட்டத்து மரம், தோட்டத்துக் கத்தி என்றே நாற்பது வயதாகிவிட்டது. தன் பேரில் எழுதிய ஒரு துண்டு நிலம் வேண்டும். லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டைக் கேட்டு மூன்று வருஷம் நடையாய் நடந்தாள். கடைசியில் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயா மனம் இறங்கினார்.

"பேஷன்புரூட் போட்டுக் காட்டு. காய்ச்சா உன் பேர்ல பதியுறேன். காய்க்காட்டி கொடிய இழுத்துப் போட்டுட்டுக் கறுவாப்பட்டை மரம் நடுவோம்."

கொடி என்னமோ பந்தல் கொள்ளாமல் படர்ந்தது. பூவும் மதியமானால் கொத்துக் கொத்தாய் விரிந்தது. மறுநாள் பார்த்தால் அத்தனையும் கீழே. பேருக்கு ஒரு பிஞ்சு? கிடையாது! சாணம் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள், திருஷ்டிக்குப் பழைய செருப்பைக் கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு உறுமும் ஒன்றிரண்டு கருவண்டுகள் கண்ணில் பட்டன. கட்டைவிரல் தண்டிக்கு ஒவ்வொன்றும். அடுப்படி உத்திரத்தைத் துளைத்து, கறிச்சட்டிக்குள் மரத்தூள் கொட்டி, கண்டபோதெல்லாம் அவளிடம் விளக்குமாற்றடி வாங்குகிற அதே சனியன்கள்.

"பூவத் திங்கிறது இதுங்கதான்!" என்று முடிவே கட்டிவிட்டாள். உத்திரத்து ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் களிமண்ணால் அடைத்தாள். மதியம் வந்ததும் வராததுமாக, நுளம்பு அடிக்கிற கரண்ட் மட்டையோடு பந்தலடியில் நின்றாள். "சோத்தயாவது தின்னுட்டு அடிடி" என்று புருஷன் நடராஜா கெஞ்சினான். யார் கேட்டது?

அதோடு விட்டாளா? வேலிக்கு அந்தப் பக்கம் கருப்பாயி அக்காவின் விறகுக் கொட்டில். அதில் கிடந்த கட்டைகளிலெல்லாம் வண்டு ஓட்டை. "எல்லாம் ஒங்க வெறகுல இருந்துதான் வருது. இது என்ன வீடா, வண்டுக் கூடா?" என்று லயமே கேட்கக் கத்திவிட்டாள். கருப்பாயி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கண்டக்டர் ஐயா பந்தலைப் பார்க்க வர இன்னும் ஒரு மாசம். அந்த நேரத்தில்தான் அந்த அநியாயத்தைப் பார்த்தாள். அவளுடைய கொடியிலிருந்து ஒரு கிளை வேலியைத் தாண்டி, கருப்பாயி வீட்டுப் பேஷன்புரூட் கொடியோடு பின்னிக் கிடந்தது. அந்தக் கிளையில் ஏழெட்டுக் காய்! ஒரே வேர், ஒரே தண்ணீர். இந்தப் பக்கம் மலடு, அந்தப் பக்கம் காய். 'அக்கா ஏதோ செஞ்சுதான் வச்சிருக்கா' என்று வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் மதியம் வாழைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தாள்.

கருப்பாயி வரவில்லை. வந்தது வண்டு. கொட்டிலிலிருந்து ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வந்து பூவுக்குள் நுழைந்தது. பூ இதழில் ஒரு கடி இல்லை. தேனைக் குடித்துவிட்டு வெளியே வரும்போது முதுகெல்லாம் மஞ்சள் தூள். அதே முதுகோடு அடுத்த கொடியின் பூ. அங்கேயும் தூளை அப்பிவிட்டு அடுத்த பூ. விஜயகலா தலையில் கை வைத்தாள்.

"அடப் பாவி! என் வயித்துல நானே அடிச்சிருக்கேனே!"

கருப்பாயி வீட்டு வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பி வந்தாள். மூன்றாந்தரம் உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, ஒரு கட்ட வேணும்."

"அடுப்புக்கா?"

"இல்லக்கா. வண்டு இருக்குற கட்ட."

கருப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வண்டுக் கூடுன்னு கத்துனவ நீதானே?"

"கத்துனேன்தான். வாய்க்கொழுப்பு. மன்னிச்சிருங்க."

"சரி, பொழுது சாயட்டும் வா. அதுங்க எல்லாம் உள்ள வந்து அடையணும்ல."

அந்தி மங்கியதும் ஓட்டைகளில் துணி செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கட்டைக்குள் ஒரே உறுமல். "கடிக்குமாக்கா?" என்றாள் விஜயகலா. "நீ அடிச்ச அடிக்கு அதுங்க கடிச்சாலும் தப்பில்ல" என்றாள் கருப்பாயி. பந்தல் காலில் கட்டி, மழை படாமல் மேலே ஒரு தகரம் வைத்து, துணியை உருவிவிட்டார்கள்.

இரண்டு நாள் ஒரு வண்டும் பந்தல் பக்கம் வரவில்லை. விஜயகலா கருப்பாயியின் பூவிலிருந்து விரலில் தூள் எடுத்து வந்து தன் பூக்களில் தடவிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் ஒன்று வந்தது. "வந்துட்டியா என் ராசா!" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு வாரத்தில் பிஞ்சு. அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

சொன்ன நாளில் கண்டக்டர் ஐயா வந்தார். பந்தல் நிறையப் பச்சைக் காய்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் காதோரம் ஒரு வண்டு உறுமிக்கொண்டு போனது. பதறிப்போய்க் கையிலிருந்த பைலை ஓங்கினார். விஜயகலா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அந்தத் தோட்டத்தில் கண்டக்டர் கையை எந்தப் பெண்ணும் பிடித்ததில்லை. வேலிக்கு அப்பால் கருப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்காதீங்கய்யா! நான் அடிச்சு அடிச்சுத்தான் இத்தன நாளு காய் இல்லாம நின்னேன்."

சொல்லிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. வெடுக்கென்று கையை விட்டாள். போச்சு, மூன்று வருஷ நடையும் போச்சு என்று நினைத்தாள். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பைலை மெதுவாக இறக்கினார்.

"சரி, சரி. அடிக்கல்ல. முழுப் பேரச் சொல்லு, எழுதணும்."

"நடராஜா விஜயகலா" என்றாள்.

எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போனார். விஜயகலா பந்தலடியில் ஈரத்தையும் சேற்றையும் பாராமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருப்பாயி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"சேலயெல்லாம் சேறுடி. எந்திரிச்சு வா!"

"இருக்கட்டும்க்கா" என்றாள் விஜயகலா, அழுகையும் சிரிப்புமாக. "என்னோட மண்ணு தானே."